கரண்ட் வந்ததும் அத்தை கண்ணை மூடிக்கொண்டார்

ரங்கூனில் எந்த மின்சாமான் கடைக்குப் போய் பல்பு கேட்டாலும் கடைப்பையன் கேட்பது ஒன்றுதான். "அப்யூ லா, அவா லா?" வெள்ளையா, மஞ்சளா? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இருபத்திரண்டு வருஷமாக, அவன் கேட்டு முடிப்பதற்குள் "அப்யூ" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுப்பேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கும் என்றே தோன்றியதில்லை. வெளிச்சம் என்றால் வெள்ளை, மஞ்சள் என்றால் வழியில்லாதவர்கள் வீட்டு விளக்கு, அவ்வளவுதான். போன கோடையில் ஒரு ராத்திரி நடந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்விக்கு என்னால் அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பகோ பக்கம் ஒரு கிராமம். வயல்கள், நடுவில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில், அதைச் சுற்றி நம் குடும்பங்கள் கொஞ்சம். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் இறங்கிவிடும். கூடத்தில் தொங்குகிற குண்டு பல்புக்குள் இருக்கிற கம்பியை நேராக உற்றுப் பார்க்கலாம், கண் கூசாது. நெளிநெளியாக ஒரு சிவந்த இழை, அடுப்பில் அணையப்போகிற கங்கு மாதிரி. அப்பா அண்ணாந்து பார்த்து "இன்னைக்கு வோல்டேஜ் இல்ல" என்பார், அம்மா ஒன்றும் பேசாமல் அரிக்கேனையும் ஏற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைப்பார். அந்த இரண்டு வெளிச்சத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன். ஊரில் டியூப் லைட் எரிந்தது மூன்று வீட்டில். குறைந்த வோல்டேஜில் டியூப் லைட் பிடிக்காது, இரண்டு ஓரமும் சிவந்து மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிற ஸ்டெப்-அப் பெட்டி வாங்க வசதி இருந்தவர்கள் வீட்டில் மட்டும்தான் வெள்ளை வெளிச்சம். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டு ஜன்னல்கள் மட்டும் நீலம் கலந்த வெள்ளையாகத் தெரியும். நம் வீட்டிலும் ஒருநாள் அப்படி எரியவேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிய பிள்ளை நான்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 230 வோல்ட்டுக்குச் செய்த குண்டு பல்பு 150 வோல்ட்டில் எரிந்தால் அதன் முழு வெளிச்சத்தில் கால் பங்குகூட வராது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் முக்கால் பங்கு போய்விடுகிறது, கூடவே நிறமும் சிவப்புப் பக்கம் சாய்கிறது. மங்கலும் மஞ்சளும் எங்கள் வீட்டுக்குச் சேர்ந்தே வந்தன, இரண்டும் ஒன்றுதான் என்று மனசில் பதிந்துபோனது. நாங்கள் வெறுத்தது மங்கலை. பழியைச் சுமந்தது மஞ்சள்.

அந்த ராத்திரி

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திங்ஜான் முடிந்து பத்து நாள் இருக்கும். வெயில் காலத்தில் இங்கே கரண்ட் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாலு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போனது. சார்ஜ் பல்பும் ராத்திரி ஒன்பதுக்குள் தீர்ந்துவிட்டது, கூடத்தில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அத்தை பிரம்பு நாற்காலியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார், மகன் தரையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயசில் பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயிலுக்குத் தீமிதி பார்க்கப் போன கதை. அத்தை கதை சொன்னால் அதில் ஒரு தாளம் இருக்கும், விசிறியும் அதே தாளத்தில் ஆடும். பூக்குழி ஓரத்தில் தன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தையின் முகம் அந்தப் பூக்குழிக்கு எதிரே நிற்கிற மாதிரியே இருந்தது. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கோக்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்குத் தெருவே ஒரே குரலில் கத்தியது. "மீ லா பி!" கரண்ட் வந்துவிட்டது. ரங்கூனில் பிறந்த எந்தப் பிள்ளையும் முதலில் கற்றுக்கொள்கிற கூச்சலில் இதுவும் ஒன்று, மாடிக்கு மாடி, ஜன்னலுக்கு ஜன்னல் அப்படியே ஏறிப்போகும். எந்த சுவிட்சைப் போட்டு வைத்திருந்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது இல்லையா, கூடத்தில் இருந்த இரண்டு 12 வாட் வெள்ளை பல்பும் ஒன்றாக எரிந்தன. மகன் துள்ளி எழுந்தான். அத்தை விசிறியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அணை தாயி, அணை. ஊசியால குத்துது."

அணைத்தேன். மெழுகுவர்த்தியைத் திரும்பவும் ஏற்றினேன். சமையல்கட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர், கரண்ட் இருக்கும்போது எதற்கு மெழுகுவர்த்தி என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அத்தை கதையைத் தொடரவும் இல்லை, அண்ணன் கையைப் பிடித்தபடி அந்தப் பூக்குழி ஓரத்திலேயே கதை நின்றுவிட்டது, "நாளைக்குச் சொல்றேன் ராசா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எத்தனை நாளாக இப்படிக் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்திருப்பார், நான் எத்தனை தடவை மோட்டாருக்கும் சலவைக்கும் ஓடுகிற அவசரத்தில் கவனிக்காமலே போயிருப்பேன் என்று நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அத்தை தானாகவே என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார். அவருக்கு வலது கண்ணில் மட்டும் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறது, இடது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. கூடத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளங்கையால் வலது கண்ணை மூடினார். "இப்பப் பழைய வேட்டி மாதிரி இருக்கு." கையை மாற்றி இடது கண்ணை மூடினார். "இப்ப நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கு." ஒரே சுவர், ஒரே பல்பு. புரை எடுத்த நாளிலிருந்தே இப்படித்தான், உங்களுக்கெல்லாம் வேலை இருக்கும் என்று சொல்லவில்லை என்றார்.

அத்தையின் இரண்டு கண்

வயசாக ஆகக் கண்ணுக்குள் இருக்கிற இயற்கை லென்ஸ் மஞ்சள் பாரித்துப்போகும், நீல ஒளியை உள்ளே விடாது. மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது. அறுவை செய்து அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்தால், பல வருஷமாக வராமல் இருந்த நீலம் ஒரேயடியாக உள்ளே வருகிறது. அத்தையின் இடது கண் நீலத்தை வடிகட்டுகிறது, வலது கண் அப்படியே விடுகிறது. நான் பெருமையாக வாங்கி மாட்டிய பல்பிலோ நீலம்தான் தூக்கல். அதுவும் போதாதென்று, இரண்டு மணி நேரம் ஒரே ஒரு மெழுகுவர்த்தியோடு இருந்துவிட்டு வருகிற கண். இருட்டுக்கு முழுசாகப் பழக நம் கண்ணுக்கு அரை மணி நேரம்போல ஆகும், அப்படிப் பழகி, கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளத் திறந்து நிற்கிற கண்ணில் இரண்டாயிரம் லூமன் (பல்பு தருகிற வெளிச்சத்தின் அளவு) கொட்டினால் எனக்கே கூசும். அத்தைக்கு அது ஊசி.

அப்புறம்தான் பல்புப் பெட்டியின் பக்கவாட்டில் பொடியாக அச்சடித்திருப்பதைப் படிக்க ஆரம்பித்தேன். 6500 கே என்று இருந்தது. கே என்றால் கெல்வின், ஒளியின் நிறத்தைச் சொல்கிற எண். இதில் ஒன்று ஆரம்பத்தில் என்னைக் குழப்பியது: மஞ்சள் பல்பை வெதுவெதுப்பு என்கிறார்கள், ஆனால் அதற்கு எண் குறைவு, வெள்ளைக்குக் குளிர்ச்சி என்று பெயர், எண்ணோ அதிகம். எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையை நினைத்துப் பார்த்ததும் புரிந்தது. உலையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், அப்புறம் வெளுக்கும். அந்தச் சூட்டின் எண்ணைத்தான் நிறத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் 1900 பக்கம். பழைய குண்டு பல்பு நல்ல வோல்டேஜில் 2700, எங்கள் கிராமத்து வோல்டேஜில் 2200 ஆக இறங்கியிருக்கும். உச்சி வெயில் 5500, மேகம் மூடிய வானம் 6500. அதாவது மெழுகுவர்த்திக்கு எதிரே கதை சொல்லிக்கொண்டிருந்த எழுபத்தெட்டு வயசு மனுஷியை, ராத்திரி பதினோரு மணிக்கு, ஒரு நொடியில் மழைக்காலத்து மத்தியான வானத்தின் கீழே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

மஞ்சள் வாங்கப் போனேன். முதல் தடவை தப்பாகிவிட்டது. கடையில் கைக்குக் கிடைத்த 5 வாட் மஞ்சள் பல்பு இரண்டை வாங்கி வந்து மாட்டினேன், வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள், எனக்கே பகோ ஞாபகம் வந்துவிட்டது. "பாத்தியா, மஞ்சள்னா இப்படித்தான்" என்றார் வீட்டுக்காரர். நானும் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டேன். ஆனால் பெட்டியைத் திரும்பிப் பார்த்தால் லூமன் பழைய பல்பில் பாதிகூட இல்லை. நிறத்தை மாற்றுகிறேன் என்று வெளிச்சத்தையே குறைத்திருக்கிறேன், சின்ன வயசில் செய்த அதே குழப்பம். மறுநாள் போய் 12 வாட்டிலேயே 2700 கே கேட்டேன். கடைப்பையன் ஏணி போட்டு மேல் அலமாரியின் பின்னாலிருந்து எடுத்தான், பெட்டியில் தூசி படிந்திருந்தது. ஹோட்டலுக்கா என்று கேட்டான்.

அன்று ராத்திரி அதை மாட்டி எரியவிட்டபோது அறை மங்கவில்லை. அதே வெளிச்சம். நாற்காலியின் பிரம்பு பிரம்பு நிறத்தில் இருந்தது. அத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். "கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, ஆனா ரெண்டும் ஒரே வீடுதான்" என்றார். பல்பிலேயே நீலம் குறைவாக இருந்தால், நீலத்தை விடுகிற கண்ணுக்கும் தடுக்கிற கண்ணுக்கும் நடுவே சண்டை குறையும்தானே.

தையல் மிஷினுக்கு மட்டும் மஞ்சள் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு வீடு முழுக்க மஞ்சளை மாட்டிவிடாதீர்கள். நான் ரவிக்கை தைக்கிறவள். மஞ்சள் விளக்கில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றுபோலத் தெரியும், வெள்ளையும் சந்தன வெள்ளையும் கலந்துபோகும். வெள்ளை பல்புதான் என் பிழைப்புக்குச் சரி என்று அத்தனை வருஷம் நம்பியதும் அதனால்தான். ஆனால் அந்த வெள்ளையும் என்னை ஒரு தடவை கைவிட்டிருக்கிறது. நவராத்திரிக்கு ஒரு அக்கா அரக்கு நிற ரவிக்கைத் துணி கொடுத்திருந்தார். ராத்திரி கரண்ட் இருந்த நேரத்தில் உட்கார்ந்து, என் பல்புக்குக் கீழே நூலையும் துணியையும் ஒட்டிவைத்துப் பார்த்துத்தான் தைத்தேன், துளி வித்தியாசம் தெரியவில்லை. 1871இல் நம் ஆட்கள் கட்டிய கொன்சேடான் தெரு காளியம்மன் கோயிலில், கோபுரத்துக்குக் கீழே, பகல் வெளிச்சத்தில் அந்த அக்கா எதிரே வந்தார். தையல் முழுக்கப் பழுப்பு நிறக் கோடாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

இரண்டு துணி ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கில் வேறு வேறாகவும் தெரிவது சாயத்தின் வேலையும் விளக்கின் வேலையும் சேர்ந்தது. சூரத்தி பஜார் என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிற தெயின்ஜீ சந்தையில் துணி எடுக்கப் போனால் அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார், கடைக்காரரும் தடுக்க மாட்டார். அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. பல்பு மஞ்சளா வெள்ளையா என்பது ஒன்று, அது நிறத்தை உள்ளபடி காட்டுகிறதா என்பது வேறொன்று. அதற்கு சிஆர்ஐ என்று தனி எண் இருக்கிறது, வெயிலுக்கு நூறு. சாதாரண எல்இடி பல்பு 80, நல்லது 90க்கு மேல். அதிலும் அடர் சிவப்பைக் காட்டுகிறதா என்று பார்க்க ஆர்9 என்று இன்னொரு எண், மலிவான வெள்ளை பல்புகளில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். என் அரக்கு நூல் ஏமாற்றியது ஏன் என்று அதைப் படித்தபோது விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. சாமி அறையில் அம்மன் படத்துக்கு வைக்கிற குங்குமம் கொஞ்ச வருஷமாகச் செங்கல் பொடி மாதிரி தெரிந்தது, கடையில் கலப்படம் செய்கிறார்கள் என்று மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறேன். குங்குமத்தில் குற்றமில்லை.

கெட்டுப்போன இரண்டு பல்பை தையல் மேஜையில் வைத்து மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளை பல்புக்குள் எலுமிச்சை மஞ்சளில் குட்டிக் குட்டிச் சதுரங்கள். மஞ்சள் பல்புக்குள் அதே சதுரங்கள் முட்டைக் கரு மாதிரி ஆரஞ்சு. வீட்டுக்கு வாங்குகிற இந்த மாதிரி எல்இடி பல்புகளில் அடியில் இருப்பது நீல ஒளிதான், அதன்மேல் பூசிய பொடி கொஞ்சத்தை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது, மிச்ச நீலமும் அதுவும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல விளக்கைச் செய்ததற்குத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூன்று பேருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. பொடி தாராளமாக இருந்தால் மஞ்சள், நீலத்தை அதிகம் விட்டால் வெள்ளை. கையளவு பிளாஸ்டிக்குக்குள் அந்த ஆரஞ்சுச் சதுரங்களைப் பார்த்தபோது எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்தது.

தையல் மிஷினுக்கு மேலே இப்போது 4000 கே, சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள ஒரு மேஜை விளக்கு. பாங்காக் போய்வருகிற ஒருவரிடம் சொல்லி வாங்கினேன், இங்கே தேடிக் கிடைக்கவில்லை. அப்படியும் சிவப்பு, அரக்கு, மெரூன் என்றால் காலையில் ஜன்னலோரம் கொண்டுபோய்த்தான் நூல் எடுக்கிறேன். சமையல்கட்டில் 4000, மீன் செவுள் சிவப்பாகத் தெரிய வேண்டும், அரிசியில் கல் தெரிய வேண்டும். குளியலறையில் பழைய வெள்ளையே இருக்கிறது, மாற்றத் தோன்றவில்லை.

மகனோடுதான் இழுபறி. பரீட்சைக்குப் படிக்கிறவன், மஞ்சளில் தூக்கம் வருகிறது என்கிறான். அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா ராத்திரியா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன, அவை நீலத்துக்குத்தான் அதிகம் முழிக்கும். நீலம் வந்துகொண்டே இருந்தால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். பகலில் அது நல்லது. ஆனால் நம் ஊரில் கரண்ட் வருவதே ராத்திரி பதினொன்றுக்கு என்றால் என்ன செய்வது? அந்த நாலு மணி நேரத்தில்தான் தண்ணீர் ஏற்ற வேண்டும், துவைக்க வேண்டும், நாளைக்குச் சோறு வடிக்க வேண்டும், பேட்டரி ஏற்ற வேண்டும். தெருவில் எல்லா வீட்டிலும் நடுராத்திரி ஒரு மணிக்கு மேகம் மூடிய மத்தியானம் எரிந்துகொண்டிருக்கிறது, வேலை முடிந்து மூன்று மணிக்குப் படுத்தால் கண் மூடுவதில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். தூக்கம் கெடுவதற்கு இங்கே ஆயிரம் காரணம் இருக்கிறது, கவலைக்கும் புழுக்கத்துக்கும் பல்பு மாற்றி மருந்து பண்ண முடியாது. ஆனாலும் பதினொன்றிலிருந்து மூன்று வரை எரிகிற விளக்கையாவது மஞ்சளாக வைத்துக்கொள்ளலாமே என்று பக்கத்து வீட்டு அமாவிடமும் (பர்மியில் அக்கா) சொல்லியிருக்கிறேன். மகன் மேஜைக்கு 4000, ராத்திரி பத்துக்கு மேல் கூடத்துக்கு வந்து படிக்க வேண்டும், இப்படிப் பேசி முடித்திருக்கிறோம். பத்து என்பது சில நாள் பதினொன்றாகிறது.

சார்ஜ் பல்புகள்தான் இன்னும் தீராத தொல்லை. கடைக்குக் கடை வெள்ளைதான், மஞ்சளில் நான் இதுவரை பார்க்கவில்லை. அதிலும் பேட்டரி இறங்கி மங்கும்போது அந்த நீல வெள்ளை அறையையே சோகை பிடித்த மாதிரி ஆக்கிவிடுகிறது, முகங்கள் சாம்பல் பூத்துத் தெரியும். இப்போதைக்கு அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன். எங்கள் கூடத்துச் சுவரில் அத்தை சொல்லி இந்த வருஷம் சந்தன நிறம் அடித்தோம், அதில் பட்டு வருகிற வெளிச்சம் கொஞ்சம் இதமாகிறது.

முந்தாநாள் ராத்திரி பத்தே முக்காலுக்குத் தெருக்கோடியிலிருந்து கூச்சல் கிளம்பியது. கூடத்தில் மெழுகுவர்த்தி, அத்தை அதே பிரம்பு நாற்காலியில். மகன் பூக்குழிக் கதையை மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லா பல்பும் எரிந்தது. அத்தையின் கை விசிறியை விடவில்லை, தாளம் மட்டும் ஒரு நொடி நின்றது, அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மோட்டாரைப் போடு தாயி, தண்ணி ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.